பல வருடமாக ஓடாத பழைய சிங்கர் கால் மெஷினை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: பாட்டி தைத்த சிங்கர் கால் மெஷின். கருப்பு உடம்பு, தங்க நிறப் பூவேலை. இருபது வருடமாக யாரும் தொடவில்லை. வீல் கொஞ்சமும் அசையவில்லை. நடுவில் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். பார்க்க வந்தவர் "உள்ளே எல்லாம் போச்சு, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதை வீட்டிலேயே ஓட வைக்க முடியுமா?

முடியும். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த வகை மெஷினில் இறுகிப் போவது வேறு, தேய்ந்து போவது வேறு. இருபது வருடம் சும்மா நின்ற மெஷின் அந்தக் காலத்தில் தேய்ந்திருக்க வழியில்லை. உள்ளே விட்ட எண்ணெய் காற்றில் காய்ந்து பிசினாகி, இரும்புத் தண்டுகளை அவற்றின் குழிகளோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் இது இன்னும் மோசமாக இருக்கும். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாவட்டத்தில் கெட்டித்துப் போகும். மெஷின் எண்ணெய் கனிம எண்ணெய் என்பதால் அந்த அளவுக்குக் கெட்டிக்காது.

உண்மையிலேயே கைவிட வேண்டியவை சில உண்டு. கீழே விழுந்து வார்ப்பிரும்பு உடம்பில் விரிசல் விட்ட மெஷின் ஒன்று. வெள்ளத்தில் மூழ்கிப் பல மாதம் அப்படியே கிடந்து, உள் தண்டுகளில் துரு குழி குழியாக அரித்த மெஷின் இன்னொன்று. மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் திரும்பி வரும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். அதற்கு அடி நூல் சுற்றிய சின்ன உருளையான பாபினைப் பார்த்தால் போதும். ஊசிக்கு இடப்பக்கம் உள்ள ஸ்லைடு பிளேட்டை நகர்த்தினால், உருண்டையான உலோகக் கேஸுக்குள் பாபின் செங்குத்தாக உட்கார்ந்திருந்தால் அது 15 வகை. நம் ஊரில் அதிகம் இருப்பது இதுதான். உஷா போன்ற இந்திய மெஷின்கள் பெரும்பாலும் இதே அமைப்பைப் பின்பற்றியவை. லூதியானாவில் இன்றும் இதே அமைப்பில் மெஷினும் உதிரிபாகமும் தயாராவதால், ஷட்டில் (ஊசியின் நூலை அடி நூலோடு பின்னும் பாகம்), பாபின் கேஸ், டென்ஷன் செட் (மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) எல்லாம் டவுனில் உள்ள தையல் மெஷின் கடையில் குறைந்த விலைக்கே கிடைக்கும். பாபின் படுக்கை வசமாக மேலிருந்து போடுவதாக இருந்தால் 66 வகை. அதன் பாபினின் இரு பக்கமும் லேசாகப் புடைத்திருக்கும். 15 வகையினுடையது தட்டையாக இருக்கும். ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால் நூல் சீராக வராது. படகு வடிவ ஷட்டிலும் நீளமான மெல்லிய பாபினும் இருந்தால் இன்னும் பழைய 27, 28 வரிசை. அதற்கும் வேலை செய்யலாம். ஷட்டில் தொலைந்திருந்தால் மட்டும் தேட வேண்டிவரும்.

தளத்தின் வலது ஓரத்தில் வரிசை எண் பொறித்திருக்கும். எண் மட்டும் இருந்தால் 1900-க்கு முந்தையது. முன்னால் எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தையது. ஒய், எஃப் போன்ற ஒற்றை எழுத்துகள் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் தொழிற்சாலையைக் குறிப்பவை. 1885-ல் வேலை தொடங்கி 1980-ல் மூடப்பட்ட அந்த ஆலையிலிருந்து வந்த மெஷின்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஆனால் பழைய எண் என்பதாலேயே லட்சக்கணக்கில் விலை போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய சிங்கருக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது என்ற புரளி 2009-ல் சவுதி அரேபியாவில் பரவி, மக்கள் கண்டபடி விலை கொடுத்தார்கள். அந்தக் கதை அவ்வப்போது வேறு வேறு ஊரில் திரும்ப முளைக்கிறது. உள்ளே இருப்பது இரும்பும் எண்ணெயும்தான்.

வேலைக்கு வேண்டியவை: அரை லிட்டர் மண்ணெண்ணெய் (கிடைக்காவிட்டால் டர்பன்டைன், ஆனால் பெயின்ட் தின்னர் கூடவே கூடாது), 100 மில்லி நல்ல மெஷின் எண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ் இரண்டு, பழைய பனியன் துணி, பல்குத்தும் குச்சி, காது குடையும் பஞ்சுக்குச்சி, தலைமுடி உலர்த்தும் டிரையர், திருப்புளிகள். திருப்புளி விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். முனை ஸ்குரூவின் பள்ளத்தை அகலத்திலும் தடிமனிலும் முழுவதுமாக நிரப்ப வேண்டும். சின்ன முனையால் திருகினால் ஸ்குரூ தலை நைந்துவிடும். சிங்கரின் பல ஸ்குரூக்கள் அந்தக் கம்பெனியின் சொந்த மரை அளவில் செய்தவை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்குரூ அந்த ஓட்டைக்குப் பொருந்தாது. பலவந்தமாகத் திருகினால் உடம்பில் உள்ள மரையும் போய்விடும்.

மெஷின் தலையை ஸ்டாண்டிலிருந்து எடுக்க, முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தலையைப் பின்பக்கமாகச் சாய்த்து, இரண்டு கீல் ஊசிகளையும் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூக்களைத் தளர்த்துங்கள். தலை நல்ல கனம். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் தளர்த்துவதே நல்லது. மேஜையில் தடிமனான பழைய போர்வை விரித்து, மேலே செய்தித்தாள் போட்டு வையுங்கள். எதைக் கழற்றும் முன்னும் போனில் படம் எடுங்கள். கழற்றிய ஸ்குரூவை எடுத்த இடத்துக்கே லேசாகத் திருப்பி மாட்டிவைத்தால் குழப்பமே வராது.

இனி முக்கியமான வேலை, இறுக்கத்தை எடுப்பது. எங்கே பிடித்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஊசியைக் கழற்றுங்கள். துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வையுங்கள். பாபின் கேஸை எடுத்துவிட்டு, ஷட்டிலை மூடியிருக்கும் ரேஸ் கவரைக் கழற்றி ஷட்டிலையும் வெளியே எடுங்கள். இந்த இடத்திலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஷட்டிலுக்குப் பின்னால் அறுந்த நூல் சுற்றி முடிச்சாகி, சங்கிலி போட்டதுபோலப் பிடித்திருக்கும். அடுத்து, வலப்பக்கம் கையால் சுற்றும் பேலன்ஸ் வீலின் நடுவில் உள்ள பெரிய ஸ்டாப் மோஷன் ஸ்குரூவைத் தளர்த்துங்கள். இப்போது வீல் மட்டும் சுற்றினால் வீல் சரி, உள்ளே தண்டுதான் இறுகியிருக்கிறது. வீலே சுற்றாவிட்டால் வீலுக்கும் தண்டுக்கும் நடுவில் பிசின், அல்லது வீலுக்குப் பின்னால் நூல் சுற்றியிருக்கிறது.

மண்ணெண்ணெயை எங்கெல்லாம் விட வேண்டும் என்றால், உலோகம் உலோகத்தின் மேல் உரசும் எல்லா இடத்திலும். இடப்பக்க ஃபேஸ் பிளேட்டைத் திறந்தால் ஊசியைப் பிடித்திருக்கும் நீடில் பார், பிரஷர் ஃபுட்டைப் பிடித்திருக்கும் பிரஷர் பார் இரண்டும் மேலும் கீழும் நுழையும் குழிகள் தெரியும். பெரும்பாலும் இங்கேதான் முதல் பிடிப்பு. அடுத்தது நூல் தூக்கும் டேக்கப் லீவரின் அடிப்பகுதி. மேலே கையில் உள்ள எண்ணெய் ஓட்டைகள் எல்லாவற்றிலும் விடுங்கள். பின்பக்கம் ஒரு வட்டத் தகடு இருக்கும். அதன் ஸ்குரூவைத் தளர்த்தித் தள்ளினால் உள்ளே மேலிருந்து கீழே இறங்கும் பெரிய இணைப்புத் தண்டும் அதன் கவட்டையும் தெரியும். அங்கேயும் விடுங்கள். பிறகு மெஷினைச் சாய்த்து, அடியில் உள்ள இரண்டு நீளத் தண்டுகளின் இரு முனைகளிலும், துணியை நகர்த்தும் பற்களை அசைக்கும் கவட்டையிலும் விடுங்கள். மண்ணெண்ணெய் கையாளும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாமி விளக்கோ அடுப்போ பக்கத்தில் எரியக் கூடாது.

விட்டுவிட்டு ஒரு இரவு காத்திருங்கள். மறுநாள் வீலைப் பிடித்து முன்னும் பின்னும் நூலளவு அசைத்துப் பாருங்கள். அசையவில்லையா? மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி காத்திருப்பு. மூன்று நாளிலும் அசையாவிட்டால்தான் டிரையர். முதலில் வழிந்து கிடக்கும் மண்ணெண்ணெயைத் துடைத்து, ஆவி போகும் வரை காற்றோட்டமாக வைத்திருங்கள். பிறகு நீடில் பார் குழியையும் வீல் பக்கத்துத் தண்டின் முனையையும் ஐந்தைந்து நிமிடம் சூடாக்கி, சூடு இருக்கும்போதே மெஷின் எண்ணெயை விட்டு அசையுங்கள். பிசின் சூட்டில் இளகும். தீக்குச்சி, கேஸ் டார்ச் எதுவும் வேண்டாம். பெயின்ட் கொப்பளித்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு அதோடு விட்டுவிடுபவர்கள் உண்டு. அது பிசினை இளக்கும், ஆனால் தையல் மெஷினுக்கான எண்ணெயின் வேலையை அது செய்யாது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சுத்தியலால் தட்டுவதோ, வீலில் கம்பி செருகி நெம்புவதோ வேண்டவே வேண்டாம். வீலின் விட்டம் பெரிது என்பதால் நீங்கள் கொடுக்கும் பலம் உள்ளே பல மடங்காகப் போய்ச் சேரும். இறுகிய இடம் விடுபடாமல், பக்கத்தில் உள்ள வார்ப்பிரும்பு லீவர் படக்கென்று உடையும். நூறு வருடம் தாங்கிய மெஷின்கள் செத்துப்போவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான்.

வீல் முழுச் சுற்று சுற்ற ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதீர்கள். மண்ணெண்ணெய் விட்டுச் சுற்ற, அடியில் பழுப்பாகக் கசடு வடியும். துடைத்துவிட்டு மறுபடி விடுங்கள். வடிவது தெளிவாகும் வரை இதைச் செய்ய வேண்டும். பிறகு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, எல்லா இடத்திலும் மெஷின் எண்ணெய் ஒரு இடத்துக்கு ஒரு சொட்டு. மண்ணெண்ணெய் கழுவிய உலோகம் வறண்டு நிற்கும். எண்ணெய் விடாமல் ஓட்டினால் உண்மையான தேய்மானம் அன்றைக்குத்தான் தொடங்கும். டென்ஷன் தட்டுகள், பெல்ட், பாபின் சுற்றியின் ரப்பர் வளையம் மூன்றிலும் எண்ணெய் படக் கூடாது.

ஸ்டாப் மோஷன் ஸ்குரூவைத் திரும்ப மாட்டும்போது ஒரு சிக்கல் வரும். அதற்கடியில் ஒரு வாஷர் இருக்கும். அதன் உள் விளிம்பில் இரண்டு சின்னக் காதுகள், வெளி விளிம்பில் மூன்று புடைப்புகள். உள் காதுகள் தண்டின் முனையில் உள்ள பள்ளங்களில் உட்கார வேண்டும், அவற்றின் வளைவு உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். எல்லாம் மாட்டி இறுக்கிய பிறகும் வீல் மட்டும் சுற்றி ஊசி அசையாமல் நின்றால் கிளட்ச் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். வாஷரை எடுத்து அரைச் சுற்று திருப்பிப் போடுங்கள். ஸ்குரூவில் உள்ள குட்டி ஸ்குரூ, வாஷரின் புடைப்பில் முட்டி, முழுதாக இறுக விடாமல் தடுத்ததுதான் காரணம்.

வெளிப்பூச்சுக்கு வருவோம். பழைய சிங்கரின் கருப்பு, உலையில் சுட்டு இறுக்கிய பூச்சு. தங்கப் பூவேலைக்கு மேலே பாதுகாப்பாக இருப்பது மெல்லிய அரக்கு வார்னிஷ். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதைத் தொட்டாலும் முதலில் வெளுக்கும், பிறகு பூவேலையோடு சேர்ந்து துணியில் வந்துவிடும். சபீனா, சாம்பல், தேங்காய் நார் வைத்துத் தேய்ப்பதும் அப்படித்தான். மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, சின்ன வட்டமாகத் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். முதலில் பின்பக்கத்தில் ஓர் ஓரமாகச் சோதித்துப் பார்த்துவிட்டு முன்பக்கம் வாருங்கள். பஞ்சில் அழுக்கு பழுப்பாக வந்தால் சரி. தங்க நிறம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்து, கடையில் விற்கும் ஸ்டிக்கர் ஒட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மங்கிப்போன அசல் பூவேலையின் மதிப்பு அதற்கு வராது. பெயின்ட் எண்ணெய் ஓட்டைகளையும் அடைத்துவிடும்.

பளபளப்பான வீல் விளிம்பு, ஃபேஸ் பிளேட் போன்றவற்றுக்குப் பித்தளை பாலிஷ் போதும். லேசான துருவை, எண்ணெய் தடவிய அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்த்தால் எடுத்துவிடலாம். நம் வீடுகளில் பித்தளைக்குப் புளி போடும் பழக்கம் உண்டு. இரும்புக்குப் புளியும் உப்பும் ஆகவே ஆகாது, இன்று பளபளக்கும், நாளைக்கே செந்துரு பூக்கும்.

அடுத்து டென்ஷன். தையல் சரியில்லை என்ற புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் முடியும். தட்டுகளுக்கு நடுவே இருபது வருடத்து நூல் பஞ்சு அடைத்து, தட்டுகள் சேராமல் இருக்கும். நட்டைக் கழற்றி எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கி வையுங்கள். தட்டுகள் இரண்டின் புடைத்த பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் நடுக்கம்பி உள்ள வாஷர், பிறகு கூம்பு ஸ்பிரிங், கடைசியில் நட்டு. நடுவில் உள்ள மெல்லிய ஊசி போன்ற பின்னை மறந்துவிடுகிறார்கள். பிரஷர் ஃபுட்டைத் தூக்கும்போது தட்டுகளைத் திறப்பது அதுதான். அது இல்லாவிட்டால் துணியை எடுக்கும்போதெல்லாம் நூல் அறுபடும், ஊசி வளையும். பக்கத்தில் உள்ள மெல்லிய செக் ஸ்பிரிங், ஊசி முனை துணியைத் தொடும்வரை நூலை இழுத்துப் பிடித்திருந்து அப்போது விட வேண்டும். வளைந்தோ உடைந்தோ இருந்தால் புதிது வாங்குங்கள், சொற்ப விலைதான்.

பாபின் கேஸில் இரண்டு ஸ்குரூ. தகட்டு ஸ்பிரிங்கின் நடுவில் உள்ளது டென்ஷனுக்கு, ஓரத்தில் உள்ளது ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது. ஓரத்து ஸ்குரூவைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கின் அடியில் விசிட்டிங் கார்டு மூலையை விட்டு இழுத்தால் உள்ளே இறுகிய பஞ்சுத் துணுக்கு வரும். அது ஒன்று போதும் அடியில் நூல் லொடலொடவென்று வருவதற்கு. பாபினைப் போட்டு நூலை இழுத்தால், திறந்த பக்கத்திலிருந்து பார்க்கும்போது பாபின் கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும். நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரியக் கூடாது. லேசாக ஒரு குலுக்குக் குலுக்கினால் இரண்டு மூன்று செ.மீ. இறங்கி நிற்க வேண்டும். திருத்த வேண்டுமென்றால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்புங்கள்.

ஊசிக்கு அடியில் உள்ள நீடில் பிளேட்டைக் கழற்றினால் பற்களுக்கு நடுவில் பஞ்சு, கம்பளிபோல அமுங்கி இருக்கும். குச்சியால் கிளறி எடுங்கள். பற்கள் முழுதாக எழும்போது பிளேட்டுக்கு மேல் ஒரு பல்லின் உயரம் தெரிய வேண்டும். அதற்குக் குறைந்தால் துணி நகராமல் ஒரே இடத்தில் குத்தும்.

ஊசிக்கு 15×1 அல்லது ஹெச்ஏ×1 என்று கேளுங்கள், 15 வகை, 66 வகை, 27, 28 வரிசை எல்லாவற்றுக்கும் இதுவே. பருத்திக்கு 14-ஆம் எண், மெல்லிய பட்டுக்கு 11, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. தையற்காரர்களின் வேக மெஷின் ஊசிக்குக் காம்பு முழு உருண்டையாக இருக்கும். இதற்கு வேண்டியது ஒரு பக்கம் தட்டையானது. தட்டைப் பக்கம் எந்தத் திசை என்று குழம்பினால், ஊசிக்குச் சற்று மேலே உள்ள கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நூல் நுழைவது அந்தப் பக்கத்திலிருந்து. ஊசியின் நீளமான பள்ளம் அந்தப் பக்கமும், தட்டை எதிர்ப்பக்கமும் இருக்க வேண்டும். ஊசி மேலே முட்டும்வரை ஏறியிருக்க வேண்டும்.

இதைச் செய்யாமல் "டைமிங் போயிடுச்சு" என்று முடிவுக்கு வருகிறார்கள். ஊசியும் ஷட்டிலும் சரியான நேரத்தில் சந்திப்பதுதான் டைமிங். கால் மெஷின் 15 வகையில் தண்டும் கவட்டையும்தான், பல்சக்கரம் இல்லை. டைமிங் தானாக மாறுவது மிக அரிது. சரிபார்க்க: ஊசி அடிமட்டத்துக்கு இறங்கி, அங்கிருந்து சுமார் 2.4 மி.மீ. ஏறும்போது ஷட்டிலின் கூர்முனை ஊசியைக் கடக்க வேண்டும், அந்த நேரத்தில் ஊசிக் கண் கூர்முனைக்குச் சுமார் 1.6 மி.மீ. கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ நீடில் பாரின் ஸ்குரூவைத் தளர்த்தி உயரத்தை மாற்றியிருக்கிறார்கள். கூர்முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் 2000 எண் உப்புத்தாளால் லேசாக மெருகேற்றலாம். முனையே மழுங்கியிருந்தால் புது ஷட்டில் போடுவதுதான் சரி.

முதல் ஓட்டம் நூல் இல்லாமல், பத்து நிமிடம். வெளியே வரும் கருப்பு எண்ணெயைத் துடையுங்கள். பிறகு மேலே சிவப்பு நூல், அடியில் வெள்ளை நூல் போட்டு, இரண்டாக மடித்த பழைய வேட்டித் துணியில் தைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் சிவப்பு வளையம் வளையமாகக் கிடந்தால் குற்றம் அடியில் அல்ல. மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை. பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி நூலைக் கோர்த்துவிடுங்கள். மேலே வெள்ளை தெரிந்தால் மேல் டென்ஷனைத் தளர்த்துங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். ஆரம்பத்திலேயே அடியில் கொத்தாகச் சிக்கினால், இரண்டு நூல் நுனிகளையும் பின்னால் இழுத்துப் பிடித்தபடி முதல் மூன்று தையல் போடுங்கள். வீல் எப்போதும் உங்கள் பக்கமாகவே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் மிதித்தால் ஷட்டிலில் நூல் சிக்கும்.

ஸ்டாண்டுக்குப் பெரிய வேலை இல்லை. மிதியின் இரு முனைகளிலும், பெரிய வீலின் நடுவிலும், இரண்டையும் இணைக்கும் கம்பியின் மூட்டிலும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து எண்ணெய் விடுங்கள். மிதிக்கும்போது "டக் டக்" என்று இடித்தால் கூம்பு ஸ்குரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் ஸ்குரூவை இறுக்கி, நட்டைத் திரும்பப் பூட்டுங்கள். தோல் பெல்ட் 5 மி.மீ. தடிமன், 6 அடிக்குச் சற்று அதிக நீளம். புது பெல்ட்டை வீல்களைச் சுற்றி வைத்து அளந்து, துளையிட்டுக் கொக்கி மாட்டுங்கள். வழுக்காத அளவு இறுக்கம் போதும். அதிகம் இறுக்கினால் மிதி கனக்கும், தண்டின் குழியும் ஒரு பக்கமாகத் தேயும். தோல் முதல் சில வாரத்தில் நீளும், அப்போது ஒரு செ.மீ. வெட்டி மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

மெஷினில் பழைய மோட்டார் பொருத்தியிருந்தால் அதைப் பிளக்கில் செருகிப் பார்க்காதீர்கள். அந்தக் காலத்து ரப்பர் ஒயர் தொட்டாலே உதிரும், மெஷின் உடம்பு முழுக்க இரும்பு. மோட்டாரைக் கழற்றித் தனியாக வைத்து, ஒயரையும் கால் ரெகுலேட்டரையும் எலக்ட்ரீஷியனிடம் மாற்றிய பிறகு போடுங்கள். அதுவரை பெல்ட்டை மாட்டிக் காலால் ஓட்டலாம்.